ஈரக்காற்றில் ஒரு சிலைடு: ஆடு, மாடு, நாய் ரத்தத்தைப் பார்க்கும் முறை

ஆட்டு ரத்தத்தைக் கொண்டுபோய் மனிதர்களுக்கான ஆய்வகத்தில் கொடுத்தால் பல நேரம் இப்படி ஒரு தாள் கைக்கு வரும்: சிவப்பணு படு குறைவு, பிளேட்லெட்டோ (ரத்தம் உறைய உதவும் சிற்றணு) நம்பமுடியாத அளவுக்கு அதிகம். தாளைப் பார்த்த வீட்டுக்காரர் பதறிப்போவார். ஆடோ கொட்டிலில் நின்று பலாயிலை தின்றுகொண்டிருக்கும்.

தப்பு எங்கே என்றால், அந்தக் கருவி அணுக்களை அளவு பார்த்துத்தான் பிரிக்கிறது. மனிதனின் ஒரு சிவப்பணு சராசரியாக 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் கொள்ளளவு உள்ளது. நாய்க்கு 60 முதல் 77, மாட்டுக்கு 40 முதல் 60. ஆட்டுக்கு வெறும் 16 முதல் 25தான். பண்ணை விலங்குகளில் இவ்வளவு சிறிய சிவப்பணு வேறெதற்கும் இல்லை. மனித அளவுக்கு அமைத்த கருவி இந்தச் சிறு அணுக்களைப் பிளேட்லெட் கணக்கில் சேர்த்துவிடும். பூனைக்கு இதற்கு நேர்மாறு. அதன் பிளேட்லெட் பெரிது, சிவப்பணுவோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். கோழி ரத்தத்தில் சிவப்பணுவுக்கே உட்கரு உண்டு, முட்டை வடிவம் வேறு. அதைக் கருவி வெள்ளையணு என்று எண்ணிவிடும். விலங்கினத்தைத் தேர்வு செய்யும் வசதி இருக்கும் கருவியில் மட்டும் ஆட்டு ரத்தத்தையும் பூனை ரத்தத்தையும் ஓட்டுங்கள். கோழிக்குக் கையால் எண்ணுவதுதான் சரி.

நல்ல கருவியே இருந்தாலும் அது தருவது எண் மட்டும். அந்த எண் ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்வது சிலைடு, அதாவது ரத்தத்தைப் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடித் துண்டு. குமரி மாவட்டத்தில் சிலைடுக்கு முதல் எதிரி நோயோ கருவியோ அல்ல, நம் காற்றில் இருக்கும் ஈரம். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையும் வாங்கும் ஊர் நம்முடையது. குலசேகரம், பேச்சிப்பாறை, அருமனை பக்கம் ரப்பர் மரத்தடியில் போட்ட துணியே காய மறுக்கும் நாட்களில் ரத்தம் எப்படிச் சட்டென்று காயும்? மெதுவாகக் காய்ந்த சிலைடு இல்லாத நோயைக் காட்டும். அதனால் இந்தப் பதிவில் மற்றதை எல்லாம் விட உலர்த்துவதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப்போகிறேன்.

ரத்தம் எடுக்கும்போது

மாட்டுக்குக் கழுத்து நரம்பு, 18 கேஜ் ஊசி. கட்டிப்போட ஆள் இல்லாத இடத்தில் வால் நரம்பு போதும்: வாலை நேராக மேலே தூக்கி, அடியில் நடுக்கோட்டில் இரண்டு எலும்புக்கு இடைப்பட்ட பள்ளத்தில் 20 கேஜ் ஊசியைச் செங்குத்தாக ஏற்றினால் 2 மி.லி. தாராளமாக வரும். ஆட்டுக்குக் கழுத்து. நாய்க்கு முன்னங்கால் நரம்பு, 22 கேஜ். கோழிக்குச் சிறகின் அடியில் ஓடும் நரம்பு.

ரத்தம் ஒரே இழுப்பில் வர வேண்டும். ஊசியைத் தோலுக்குள் விட்டுத் துழாவித் துழாவிச் சொட்டுச் சொட்டாக எடுத்த ரத்தத்தில் உறைதல் அப்போதே தொடங்கிவிடும். குழாயில் கட்டி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பிளேட்லெட்டுகள் கூடிக் கட்டியிருக்கும். அப்படி ஆனால் வேறு நரம்புக்குப் போவதே நல்லது. ஊதா மூடியுள்ள இ.டி.டி.ஏ. குழாயில் (உறையாமல் தடுக்கும் மருந்து உள்ளது) ஊற்றும்போது சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றிவிட்டு ஊற்றுங்கள். ஊசி வழியாக அழுத்தினால் அணு உடையும், பிளாஸ்மா சிவக்கும், அப்புறம் அந்தச் சிவப்பு நோயால் வந்ததா ஊசியால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. குறித்த கோடு வரை நிரப்புங்கள். 2 மி.லி. குழாயில் அரை மி.லி. மட்டும் விட்டால் மருந்து மிஞ்சி, சிவப்பணுக்கள் நீர் இழந்து சுருங்கும், பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணு அடைத்திருக்கும் சதவீதம்) உண்மையைவிடக் குறைவாக வரும். கோட்டுக்கு மேலே போனால் உறையும். நிரப்பியதும் எட்டுப் பத்துத் தடவை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து எடுக்க வேண்டும். குலுக்கக் கூடாது.

சிரிஞ்சில் வரும் ரத்தத்தின் நிறத்தை அந்தக் கணமே பாருங்கள். நம் ஊரில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மரச்சீனி இலையோ தொலியோ, வாடிய ரப்பர் இலையோ தின்று மூச்சு வாங்கும் மாட்டின் நரம்பு ரத்தம் பளீரென்று செக்கச்செவேல் என்று இருக்கும். இவற்றிலிருந்து வரும் சயனைடு, செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்துவதையே தடுத்துவிடுகிறது. நரம்பு ரத்தத்தில் ஆக்ஸிஜன் செலவாகாமல் திரும்பி வருகிறது, அதனால்தான் அந்த நிறம். நைட்ரேட் ஏறிய தீவனம் தின்றிருந்தால் ரத்தம் சாக்லேட் போலப் பழுப்பாகும். இந்த இரண்டிலும் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க நேரமே கிடையாது, மருத்துவர் அங்கேயே மாற்று மருந்தைத் தொடங்க வேண்டும். ரத்தம் தண்ணீர் போல நீர்த்து, சிரிஞ்சின் சுவரில் ஒட்டாமல் வழிந்தால் கடுமையான சோகை.

சிலைடு, அதைக் காயவைப்பது

புது சிலைடு என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் ஸ்பிரிட்டில் துடைத்து எடுங்கள். மழைக்காலத்தில் திறந்து வைத்த பெட்டியில் கண்ணாடிகளின் மேல் மெல்லிய ஈரப்படலம் ஏறியிருக்கும். ஒரு ஓரத்தில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய துளி, 2 முதல் 3 மில்லிமீட்டர். பரப்பும் கண்ணாடியை 30 முதல் 45 டிகிரி சாய்வில் வைத்து, துளியைத் தொடும் வரை பின்னால் இழுத்து, துளி ஓரமெங்கும் ஓடிய கணத்தில் தயங்காமல் ஒரே வீச்சில் முன்னே தள்ளுங்கள். சோகை ரத்தம் நீர்த்திருக்கும், அது கண்ணாடியின் கடைசி வரை ஓடிவிடும். அதற்குச் சாய்வைக் கூட்டுங்கள். நீர் வற்றிய விலங்கின் ரத்தம் கெட்டி, அதற்குச் சாய்வைக் குறையுங்கள். நல்ல ஸ்மியர் (சிலைடில் பரப்பிய ரத்தப் படலம்) சிலைடின் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு, நுனி கட்டைவிரல் நகம் போல வளைந்து, இறகு போல மெலிந்து முடியும்.

பரப்பிய பிறகு பத்து நொடிக்குள் அது காய வேண்டும். கையில் பிடித்து வேகமாக ஆட்டினால் சாதாரண நாளில் காய்ந்துவிடும். மழை நாளில் காயாது. அப்போது தலைமுடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து சிலைடின் பின்பக்கம் காற்றுப் படும்படி காட்டுங்கள். ரத்தம் இருக்கும் பக்கம் நேராகக் காட்டினால் படலம் அலையும். ஸ்பிரிட் விளக்கின் மேல் காட்டுவது வேண்டவே வேண்டாம், அணு வெந்துபோகும். வீடுவீடாகப் போகிறவர்கள் சிலைடுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு எடுத்துப் போவது நல்லது.

மெதுவாகக் காய்ந்தால் என்ன ஆகும்? சிவப்பணுவின் மேல் நீர் தேங்கி, உலர்ந்த பின் சின்னச் சின்ன வட்டங்களாகவும் ஓட்டைகளாகவும் நிற்கும். நிறமேற்றினால் அவை அணுவின் ஓரத்தில் புள்ளி போலத் தெரியும். மாட்டின் சிவப்பணுவில் ஓரத்தில் ஒரு புள்ளி என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது அனாபிளாஸ்மா என்ற சிவப்பணுக் கிருமி. இப்படித்தான் ஈரக்காற்று நோய் இல்லாத மாட்டுக்கு ஊசி போடவைக்கிறது.

இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது. நூறு மடங்கு எண்ணெய் லென்சில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு, நுண் திருகை மெல்ல மேலும் கீழும் திருப்புங்கள். ஈரத்தால் வந்த புள்ளி, குவியம் மாறும்போது கண்ணாடித் துண்டு போல மின்னும்; ஒரு நிலையில் வெள்ளை, மறு நிலையில் கறுப்பு. அனாபிளாஸ்மா மின்னாது. அணு எந்தக் குவியத்தில் தெளிகிறதோ அதே குவியத்தில் அதுவும் தெளியும், கருநீல உருண்டையாக, அரை முதல் ஒரு மைக்ரான் அளவில், விளிம்பை ஒட்டி அல்லது விளிம்பிலேயே. சாயத்தின் கசடு என்றால் அணுவுக்கு மேல் வேறொரு தளத்தில் தெளியும். அணு இல்லாத வெற்றிடத்திலும் அதே மாதிரிப் புள்ளிகள் கிடக்கும். நன்கு உருண்டு, பெரிதாக, ஒரு அணுவில் ஒன்றே ஒன்றாக இருந்தால் அது உட்கருவின் மிச்சம். சோகையிலிருந்து மாடு தேறிவரும்போது அது இயல்பாகத் தெரிவது. அணு முழுக்க மெல்லிய நீலத் தூசி தூவியது போல இருந்தால் அதுவும் மாட்டிலும் ஆட்டிலும் எலும்புமஜ்ஜை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சோகையே இல்லாத மாட்டில் அந்தத் தூசியைக் கண்டால் மட்டும் ஈயம் உடலில் ஏறியிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா நக்கியதா என்று வீட்டாரிடம் கேளுங்கள்.

காய்ந்த ஸ்மியரை அன்றே மெத்தனாலில் நிலைநிறுத்துங்கள். இரவு மேசையில் விட்டால் காலையில் படலம் இருக்காது. ஈயும் எறும்பும் கரப்பானும் காய்ந்த ரத்தத்தை அரித்துத் தின்றுவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து அணுக்கள் உடையும். ஃபார்மலின் பாட்டில் பக்கத்தில் வைக்காதீர்கள், அதன் ஆவி பட்டாலே நிறம் பச்சை நீலமாகிப் பார்க்க முடியாமல் போகும்.

மெத்தனாலுக்கும் ஈரம் பகை. அது காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் திரவம். நூற்றுக்கு நான்கைந்து பங்கு நீர் சேர்ந்தாலே அணுக்களில் அதே மினுங்கும் ஓட்டைகள் வந்துவிடும். பெரிய பாட்டிலைத் தினமும் திறந்து மூடுவதற்குப் பதில், சிறு பாட்டில்களில் பிரித்து வைத்து ஒவ்வொன்றாக எடுங்கள். ஜாடியில் ஊற்றியதை அன்று மாலையே கொட்டிவிடுங்கள். மிச்சம் பிடிப்பதில் லாபம் இல்லை. லீஷ்மன் சாயமும் மெத்தனாலில் கரைத்ததுதான், அதற்கும் இதே கவனம்.

லீஷ்மன் போடும் முறை: மட்டமான கம்பியில் சிலைடை வைத்து, படலம் மூடும்படி எட்டுப் பத்துச் சொட்டு. 2 நிமிடம். இந்த 2 நிமிடத்தில் மெத்தனால் அணுக்களைப் பிடித்து நிறுத்துகிறது. பிறகு இரண்டு மடங்கு பஃபர் நீர் (அமிலக்காரத்தன்மை மாறாமல் நிற்கும் நீர்), அமிலக்காரத்தன்மை 6.8. வாயால் மெல்ல ஊதிக் கலந்து, 10 முதல் 12 நிமிடம் விடுங்கள். மேலே பித்தளை மினுக்கத்தில் ஒரு ஆடை படியும். சாயத்தைச் சாய்த்துக் கொட்டினால் அந்த ஆடை அப்படியே ஸ்மியரில் படிந்துவிடும். சிலைடை மட்டமாக வைத்தபடியே மேலிருந்து தண்ணீரை ஓடவிட்டு ஆடையை மிதக்கவைத்துக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பஃபருக்குப் பதில் ஊற்றுவது நம்மில் பலருக்குப் பழக்கம். ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும்: காரம் கூடினால் சிவப்பணு சாம்பல் நீலமாகும், அமிலம் கூடினால் எல்லாமே சிவந்து உட்கரு வெளிறும். பஃபர் மாத்திரை விலை அதிகமில்லை, வாங்கி வையுங்கள். ஜீம்சா சாயம் என்றால் மெத்தனாலில் 3 முதல் 5 நிமிடம் நிறுத்தி, ஒன்றுக்குப் பத்தாக நீர்த்த சாயத்தில் அரை மணி நேரம்.

லென்சையும் ஈரம் விடாது. எண்ணெயைத் துடைக்காமல் மூடிவைத்த நூறு மடங்கு லென்சில் பூஞ்சை பிடித்தால் திரும்ப வராது. பழைய முறையில், ஒரு மரப்பெட்டிக்குள் சிறு பல்பு எரியவிட்டு உள்ளே நுண்ணோக்கியை வைப்பது இன்றைக்கும் நல்ல வழி.

மெல்லிய குழாய் சொல்வது

எல்லாப் பரிசோதனையிலும் மலிவானதும் நம்பத்தக்கதும் பி.சி.வி. என்பது என் எண்ணம். 75 மி.மீ. நீளக் கண்ணாடிக் குழாயில் முக்கால் பங்கு ரத்தம் ஏற்றி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, நிமிடத்துக்கு 12,000 சுற்றில் 5 நிமிடம் சுற்றவைத்தால் போதும். ஆட்டு ரத்தத்துக்கு நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். அந்தச் சிறு அணுக்கள் நெருங்கி அடைய அவகாசம் வேண்டும். பாதியில் நிறுத்தினால் இல்லாத ரத்தம் இருப்பதாகக் காட்டும். நாய்க்கு 37 முதல் 55 சதவீதம், மாட்டுக்கு 24 முதல் 46, ஆட்டுக்கு 22 முதல் 38 என்பது இயல்பு. இரண்டு மூன்று மாதக் குட்டிநாய்க்கு முப்பதை ஒட்டி இருந்தால் அது சோகை அல்ல.

சிவப்பு அடுக்கை மட்டும் அளந்துவிட்டுக் குழாயைத் தூக்கிப் போடாதீர்கள். மேலே நிற்கும் பிளாஸ்மாவைச் சன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் மேல் பிடித்துப் பாருங்கள். நாய்க்கும் ஆட்டுக்கும் எருமைக்கும் அது நிறமற்றுத் தெளிந்திருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் காமாலை. பசுவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: பச்சைப் புல் தின்னும் பசுவின் பிளாஸ்மா கரோட்டினால் இயல்பாகவே மஞ்சள். அதே கரோட்டினைத்தான் ஆடும் எருமையும் முழுக்க வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடுகின்றன, அதனால் பாலும் வெள்ளையாக இருக்கிறது. பிளாஸ்மா சிவந்திருந்தால் நரம்புக்குள்ளேயே அணு உடைகிறது, இல்லையென்றால் நாம் எடுத்த விதம் தவறு. பால் போலக் கலங்கியிருந்தால் கொழுப்பு. தின்ற உடனே எடுத்த நாய் ரத்தத்தில் அப்படித்தான் இருக்கும்.

சிவப்புக்கும் பிளாஸ்மாவுக்கும் நடுவே இருக்கும் வெள்ளைக் கோடுதான் வெள்ளையணுவும் பிளேட்லெட்டும். நாய் ரத்தம் என்றால் குழாயை உடைப்பதற்கு முன் அப்படியே சிலைடின் மேல் வைத்து, பத்து மடங்கு லென்சில் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே பாருங்கள். மைக்ரோஃபைலேரியா என்ற இளம்புழு இருந்தால் நெளிவது தெரியும். பிறகு குழாயைக் கோட்டுக்குக் கீழே உடைத்து, அந்த வெள்ளைப் பகுதியை மட்டும் இன்னொரு சிலைடில் பரப்பினால், சாதாரண ஸ்மியரில் அகப்படாத எர்லிகியாவும் ஹெபட்டோசூனும் (வெள்ளையணுவுக்குள் இருக்கும் நோய்க்கிருமிகள்) அகப்பட வாய்ப்பு அதிகம். மிச்சமுள்ள பிளாஸ்மாவை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டுப் புரதம் பாருங்கள். இது ஏன் முக்கியம் என்றால், வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய ஆட்டின் பி.சி.வி. இருபத்தைந்து என்று நன்றாகவே தெரியும். புரதமும் ஏறியிருந்தால் அது நீர் வற்றலால் வந்த பொய்க்கணக்கு. ஒரு புட்டி குளுக்கோஸ் சலைன் ஏறியதும் பதினைந்துக்கு இறங்கும்.

கருவி ஹீமோகுளோபினும் தந்தால் அதை மூன்றால் பெருக்குங்கள். பி.சி.வி.க்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். வராவிட்டால் ரத்தம் உடைந்திருக்கிறது, அல்லது கொழுப்புக் கலங்கல், அல்லது விலங்கினத் தேர்வு தப்பு.

ஆட்டில் பி.சி.வி. இறங்கினால் நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது ஹீமோங்கஸ் என்ற இரைப்பைப் புழு. ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மி.லி. ரத்தம் எடுக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மி.லி. இருபது கிலோ ஆட்டின் உடலில் மொத்தமே 1.4 லிட்டர் அளவுதான் ரத்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை நாள் தாங்கும்! மழை விட்ட பின் ஈரப்புல்லில் புழுவின் இளம்பருவம் ஏறி நிற்கும்; தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்குவது இதில் தாமதமாக வரும் அடையாளம். அதற்கு முன்பே கீழிமையை இறக்கி உட்தோலின் நிறம் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில் 1 முதல் 5 வரை நிறம் இருக்கும். 1 என்றால் பி.சி.வி. 28க்கு மேல், 3 என்றால் 18 முதல் 22, 5 என்றால் 12 அல்லது அதற்கும் கீழ். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் புழு மருந்து ஊற்றுவதை விட, 3க்கு மேல் நிறம் வெளிறிய ஆட்டுக்கு மட்டும் கொடுப்பது புழுக்கள் மருந்துக்குப் பழகுவதைத் தள்ளிப்போடும்.

கட்டன் சாயா நிறத்தில் மூத்திரம்

"டாக்டரே, பசு கட்டன் சாயா மாதிரி மூத்திரம் போவுது" என்று தொலைபேசியில் சொன்னால் பாதி நோயைச் சொன்னது போல. (கட்டன் சாயா என்றால் பால் விடாத தேநீர்.) ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூத்திரத்தைப் பிடித்து அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது ரத்தக் கசிவு, சிறுநீரகத்திலோ பையிலோ. படியாமல் அப்படியே நின்றால் உடைந்த சிவப்பணுவின் ஹீமோகுளோபின்.

காய்ச்சலும் உண்ணியும் சேர்ந்திருந்தால் பெபீசியா பைஜெமினா என்ற சிவப்பணு ஒட்டுண்ணி. காது நுனியைக் குத்தி வரும் முதல் சொட்டில் ஸ்மியர் எடுங்கள். சிவப்பணுவுக்குள் இந்த ஒட்டுண்ணியைத் தேடுங்கள். இரண்டு பேரிக்காய்கள் கூர்முனையில் சேர்ந்து குறுங்கோணத்தில் நிற்பது போல இருக்கும். உண்ணி வழியாக ஒரு நோய் பரவும் என்று உலகில் முதன்முதலில் நிரூபிக்கப்பட்டதே இந்த நோயில்தான், 1893இல் அமெரிக்காவில் ஸ்மித்தும் கில்போர்னும் செய்த வேலை. காய்ச்சல் இல்லை, கன்று ஈன்று சில வாரம், சிலைடில் ஒன்றுமே இல்லை என்றால் பாஸ்பரஸ் குறைவை நினைக்க வேண்டும். அங்கே பெபீசியா மருந்து எந்தப் பயனும் தராது.

அனாபிளாஸ்மாவில் மூத்திரம் சிவக்காது. மண்ணீரலும் கல்லீரலும்தான் அணுக்களைப் பிடித்து அழிக்கின்றன, ரத்தக்குழாய்க்குள் உடைவதில்லை. அதனால் கண் வெளிறி மஞ்சளிக்கும், மூத்திரம் மஞ்சளாகவே இருக்கும். தைலேரியா என்ற இன்னொரு ஒட்டுண்ணியில் தோளுக்கு முன்னால் உள்ள நிணநீர்க் கட்டி வீங்கும். அதில் ஊசி விட்டு எடுத்த திரவத்தில் லிம்போசைட் என்ற வெள்ளையணுவுக்குள் நீல உடல்கள் தெரிந்தால் அது தைலேரியா அனுலேட்டா வகை. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் பதிவாகியிருக்கும் ஓரியன்டாலிஸ் வகையில் கட்டியில் அந்த நீல உடல் அரிதாகவே கிடைக்கும். சிவப்பணுவுக்குள் குச்சி போலவும் காற்புள்ளி போலவும் இருப்பதைத் தேட வேண்டும்.

நாய்களில் இன்னும் கவனம் தேவை. சிவப்பணுவுக்குள் பெரிய பேரிக்காய் என்றால் பெபீசியா வோகெலி, அது டிமினசீன் என்ற மருந்துக்குக் கேட்கும். சின்னஞ்சிறு மோதிரம் என்றால் பெபீசியா கிப்சனி; அந்த மருந்து அதை முழுதாக விரட்டாது, வேறு கூட்டு மருந்து வேண்டும். இந்தக் கிப்சனியைப் பேட்டன் 1910இல் விவரித்ததே சென்னையில், மதராஸ் வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்தில்தான். ஹெபட்டோசூன் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவுக்குள் வெளிறிய மருந்துக் குளிகை போலக் கிடக்கும், நாய் உண்ணியை விழுங்குவதால் வருவது அது, கடியால் அல்ல. எர்லிகியாவை மோனோசைட் என்ற வெள்ளையணுவுக்குள் கண்ணால் காண்பது அரிது. பிளேட்லெட் இறங்கியிருப்பதுதான் அங்கே துப்பு.

அந்தப் பிளேட்லெட்டைத் தாளில் மட்டும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். முதலில் ஸ்மியரின் இறகு நுனியைப் பாருங்கள். அங்கே கொத்துக் கொத்தாகக் கட்டியிருந்தால் கருவி தந்த குறைந்த எண் செல்லாது, புது ரத்தம் வேண்டும். கொத்து இல்லையென்றால் அணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் பரவியிருக்கும் இடத்துக்கு வந்து, எண்ணெய் லென்சில் பத்துப் புலங்களை எண்ணிச் சராசரி எடுங்கள். ஒரு புலத்துக்கு ஒரு பிளேட்லெட் என்பது மைக்ரோலிட்டருக்கு 15,000 முதல் 20,000. நாய்க்கு இயல்பு 2 லட்சம் முதல் 5 லட்சம். புலத்துக்கு மூன்று நான்குதான் என்றால் உடனே உண்ணிக்காய்ச்சல் பரிசோதனை. ஒன்று இரண்டு என்றால் அன்று அறுவை சிகிச்சை வேண்டாம்.

வெள்ளையணு எண்ணும்போது

பசுவின் கணக்கு நாயின் கணக்கு அல்ல. நாய்க்கு நியூட்ரோபில் மேலோங்கும். பசுவுக்கும் ஆட்டுக்கும் லிம்போசைட் மேலோங்கும். பசுவின் மொத்த வெள்ளையணு 4,000 முதல் 12,000. கடுமையான மடிநோயிலோ கருப்பை அழற்சியிலோ முதல் ஒன்றிரண்டு நாள் இந்த எண் ஏறாது, இறங்கும். மாட்டின் எலும்புமஜ்ஜையில் நியூட்ரோபில் கையிருப்பு சொற்பம். இருந்ததெல்லாம் மடிக்குள் இறங்கிவிட்ட பின் ரத்தத்தில் மிஞ்சாது. எண் குறைவு என்று கிருமித்தொற்றை ஒதுக்கிவிடாதீர்கள். சிலைடில் முதிராத நியூட்ரோபில்களும், நீலம் பாய்ந்து குழிகள் விழுந்த சைட்டோபிளாசமும் உண்மையைச் சொல்லிவிடும்.

நூறு வெள்ளையணு எண்ணும்போது உட்கரு உள்ள இளம் சிவப்பணுக்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், கருவி அவற்றையும் வெள்ளையணு என்று சேர்த்திருக்கக்கூடும். கருவி 20,000 என்கிறது, நூறு வெள்ளையணுவுக்கு 25 இளம் சிவப்பணு இருக்கிறது என்றால், 20,000ஐ நூறால் பெருக்கி 125ஆல் வகுக்க வேண்டும். உண்மை 16,000.

நாய் ரத்தம் குழாய்ச் சுவரில் மணல் மணலாக ஒட்டினால் ஒரு சொட்டு ரத்தத்தோடு இரண்டு சொட்டு சலைன் கலந்து பாருங்கள். பிரிந்தால் காசு அடுக்கியது போன்ற சாதாரண ஒட்டல். பிரியாமல் நின்றால் உடல் தன் சிவப்பணுவையே தாக்குகிறது.

பாம்புக் கடியில் இத்தனையும் வேண்டாம். கண்ணாடி விரியன் கடித்ததா என்று சந்தேகம் வந்தால், புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பாருங்கள். தண்ணீராக ஓடினால் விஷம் உறையும் சக்தியைக் குடித்துவிட்டது. பிளாஸ்டிக் குழாயில் இதைச் செய்யக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் கூடாது. இரண்டிலும் நல்ல ரத்தமே உறையத் தாமதிக்கும்.

திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வழிந்தால் கழுத்திலும் வயிற்றிலும் கத்தி வைக்கவே கூடாது. அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருந்தால், திறந்த உடலிலிருந்து கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறிப் பல்லாண்டு மண்ணில் கிடக்கும். கையுறையோடு காது நரம்பில் ஒரு ஸ்மியர், குத்திய இடத்தில் கிருமிநாசினி நனைத்த பஞ்சு, அவ்வளவுதான்.

மாதிரியைத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ வேறு ஆய்வகத்துக்கோ அனுப்புவதானால், குழாயோடு சேர்த்துக் காயவைத்து மெத்தனாலில் நிறுத்திய இரண்டு சிலைடுகளையும் அனுப்புங்கள். பஸ்ஸில் போய்ச் சேர்ந்து, வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் குழாய்க்குள் நியூட்ரோபிலின் உட்கரு ஊதிப்போகும். சிலைடில் உள்ளது எடுத்த நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். குழாயை ஐஸ் பொட்டலத்தின் மேல் நேராக வைக்காமல் நடுவே செய்தித்தாளை மடித்து வையுங்கள், உறைந்தால் எல்லா அணுவும் உடையும். சிலைடுகளைத் தனி டப்பாவில், ஐஸ் பெட்டிக்கு வெளியே வையுங்கள். பெயரைப் பேனாவால் எழுதினால் மெத்தனாலில் கரைந்துபோகும், பென்சிலால் எழுதுங்கள்: விலங்கு, வயது, எடுத்த நாள், எடுத்த மணி, காதிலா கழுத்திலா, ஏற்கெனவே போட்ட ஊசி என்ன.